இரண்டு நிமிடச் சந்திப்பில் என்ன கேட்பது, எப்படிக் குறிப்பது, எதை நம்புவது?

#1 நானுஓயா மூடுபனி

நம்ம இலங்கை மலைநாட்டுல, ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர், பஸ் ஹோல்ட்ல குடைக்குள்ள இடம் குடுத்த அம்மா, மலைப்படியில எதிரா இறங்கி வர்றவர். இவங்களைத் திரும்பப் பார்க்கப் போறதில்லை. ஆனா அவங்க கையில இருக்கிற ஏதோ ஒரு விசயம் நமக்குப் பல வருசத்துக்கு உதவும். "திறந்த மனசோட இருங்க"ன்னு எல்லாரும் சொல்லுறாங்க. மனசைத் திறந்த பிறகு வாயைத் திறந்து என்ன கேட்கிறதுன்னு சொல்ல ஆள் இல்லை. அதுக்குத்தான் இந்த இழை. அனுபவக் கதைக்கு வேற இழை ஓடுது, இங்க செய்முறை மட்டும் போடுங்க.

நான் மூணு விசயத்தோட ஆரம்பிக்கிறேன்.

கருத்தைக் கேட்காதீங்க, கை செய்யிற வேலையைக் கேளுங்க. "நாடு எப்படிப் போகுது?"ன்னா நேத்து டிவியில வந்தது அப்படியே திரும்ப வரும். மண்ணோட கரட் மூட்டை கொண்டு போறவர்கிட்ட "கழுவாமக் கொண்டு போறீங்களே, என்ன காரணம்?"ன்னு கேட்டா, கழுவும்போது தோல் உரசுப்பட்டு ஈரம் நின்னா வழியிலேயே அழுக ஆரம்பிக்கும்ங்கிற கணக்கு வரும். எத்தனை நாள் தாங்கும், எந்த சந்தைக்குக் கழுவணும், எதுக்குக் கழுவக்கூடாதுன்னு அதுவே நீளும்.

ரெண்டாவது, ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம்னா இதைக் கேளுங்க: "இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க முதல்ல எங்க பிழை விடுவாங்க?" கேட்கப்பட்டவர் இதுல தெரிஞ்சவர் இடத்துல நிக்கிறார். பெருமை பேசவும் வேணாம், குறை சொல்லவும் வேணாம். பதிலும் துல்லியமா வரும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்காகிட்ட கேட்டா, புதுசா வர்றவங்க கை நிறைஞ்ச பிறகும் கூடையில போடாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, அப்புறம் கூடையை அமுக்கி அமுக்கி நிரப்புவாங்கன்னு சொல்லுவாங்க. கசங்கின கொழுந்து சூடேறி, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) போகிற முன்னமே சிவந்துடும். அங்க உருட்டுற மெசினுக்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை கூடையிலேயே நடந்து போச்சு. ரெண்டு வரிப் பதில்தான், ஒரு தொழிலோட நடு நரம்பு அதுல இருக்கு.

மூணாவது, கேட்டுட்டு வாயை மூடுங்க. மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுங்க. முதல்ல வர்றது மரியாதைப் பதில். நாம இடையில புகாம இருந்தா அதுக்குப் பிறகு வர்றதுதான் சரக்கு.

#2 பதுளைக் கட்டை

மூடுபனி சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். "ஆமா" பொறி.

நம்ம மலைநாட்டுல, தமிழோ சிங்களமோ, வெளியாள் கேட்ட கேள்விக்கு "இல்லை"ன்னு சொல்லுறது மரியாதைக் குறைவு. அதனால ஆமா-இல்லை கேள்வி கேட்டா ஆமாதான் வரும். "இந்தப் பாதை ஓஹியா போகுமா?"ன்னா "போகும்". போகத்தான் செய்யும், அரை நாள் சுத்தி. "இந்தப் பாதை எங்க போகுது?"ன்னு கேளுங்க. பதிலை நீங்க ஊட்டாம விட்டாத்தான் அவர் தெரிஞ்சதைச் சொல்லுவார்.

தூரமும் அப்படித்தான். "கிட்டத்தான்", "ரெண்டு கட்டை"ங்கிறதை (கட்டைன்னா மைல்) வச்சுக் கணக்குப் போடாதீங்க. நேரமாக் கேளுங்க. யார் நடந்தா எவ்வளவு நேரம்னும் கேளுங்க. தினமும் ஏறி இறங்குற காலுக்கு இருபது நிமிசம்னா நகரத்துக் காலுக்கு நாப்பது, மழையில அதுக்கும் மேல.

இடப்பெயர் இன்னொரு வில்லங்கம். போர்டுல ஒரு பேர், வாயில இன்னொரு பேர். தோட்டத்துப் பேருக்கு இங்கிலீசுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, சிங்களத்துல ஒண்ணுன்னு இருக்கும். அதுக்குள்ள மேக்கணக்கு, கீழ்க்கணக்குன்னு தோட்டத்துப் பிரிவுகள் வேற. கேட்ட பேரை அவங்க சொன்ன உச்சரிப்புலேயே எழுதிக்கங்க. வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்துத் "திருத்தி" எழுதினீங்கன்னா அடுத்த தடவை அந்த இடத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

#3 பீலிக்கரை

வணக்கம். முதல் பதிவில் "கொழுந்து எடுக்கிற அக்காவிடம் கேட்டால்" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். எப்போது கேட்பது என்பதை எழுதவில்லையே தம்பி.

கொழுந்து நிறுக்கிறது பெரும்பாலும் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை. நிறுவைக்கு முன்னால் இருக்கிற அரைமணி நேரம் அவர்களுக்குக் காசு. கிலோ குறைந்தால் அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளம்) அரைப்பேர் ஆகிவிடும். அந்த நேரத்தில் வேலியோரம் நின்று "அக்கா, ஒரு நிமிசம்" என்று கூப்பிடுகிறவர் கேட்பது ஒரு நிமிடம் அல்ல, கால் கிலோ. நிறுவைத் தராசடியில் அதைவிட மோசம். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எல்லாருடைய கண்ணும் முள்ளில் இருக்கும். அங்கே போட்டோ எடுக்கவும் கூடாது. பிறகு "யார் படம் பிடிக்கக் கூப்பிட்டது?" என்ற கேள்வி அந்த அக்காவிடம் போகும், உங்களிடம் வராது.

சரியான நேரம்: வேலை முடிந்து பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயடி) கைகால் கழுவுகிற நேரம். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) குழந்தையைத் தூக்க வந்து நிற்கிற ஐந்து நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம். சந்தை நாளில் கடைப்படி. பொதுவாக, அவர்களும் காத்துக்கொண்டிருக்கிற இடம். நாம் சும்மா இருப்பதால் அவர்களும் சும்மா இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது.

இன்னொன்று, தயவுசெய்து "சொந்த ஊர் எது?", "இந்தியாவில் எந்த ஊர்?" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள். கேட்கிற காதுக்கு அது அப்படி விழாது.

#4 வடலிக் காத்து

பீலிக்கரை அக்கா, நான் யாழ்ப்பாணப் பக்கம். அந்தக் கேள்வியை நாங்கள் எல்லாரும் கேக்கிறனாங்கள்தான். ஊர் கேக்காமல் எங்களுக்குக் கதையே துடங்காது. அதில என்ன பிழை எண்டு விளங்கேல்லை, வடிவாச் சொல்லுங்கோ. அப்ப எதைக் கேட்டுத் துடங்கிறது?

#5 பீலிக்கரை

கேட்டதற்கு நன்றி தம்பி. கோபத்தில் எழுதவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த இந்த மலையக மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தது. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) அண்ணன் போனார், தம்பி நின்றார். குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுபட்டது. ஆக "சொந்த ஊர் எது?" என்பது இரண்டு மூன்று தலைமுறையாக அலுவலக மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்த கேள்வி. அதை முன்பின் தெரியாதவர் வாயிலிருந்து கேட்டதும் பேச்சு சுருங்கிவிடும். போதாததற்கு, ஊர் கேட்பது சாதி கேட்பதற்கு முன்வாசல் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பதிலாக: "எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" இதைச் சொல்வதில் யாருக்கும் தயக்கம் இல்லை. அதற்குப் பின்னால் "அங்கே இப்போது கவ்வாத்து மலையா, கொழுந்து மலையா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவருக்குக் கொஞ்சம் விவரம் உண்டு என்று தெரிந்ததும் பேச்சு தானாக விரியும். கவ்வாத்து என்பது மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை வெட்டித் தாழ்த்துவது. கவ்வாத்துக் கத்தியை வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பல தோட்டங்களில் வெட்டு தொடங்கும். அதைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விடும்.

முறைப்பெயரும் முக்கியம். மூத்த பெண்ணை "அம்மா" என்பதைவிட "அக்கா" என்றால் முகம் மலரும். பெரியவரை "ஐயா". இளவட்டத்தை "தம்பி", "தங்கச்சி". "நீ" வேண்டாம், சின்னவராக இருந்தாலும் "நீங்க". சிங்கள ஆட்களிடம் "அய்யே", "அக்கே", "மல்லி", "நங்கி", அத்துடன் "மேக கரன்னே கொஹொமத?" (இதை எப்படிச் செய்யிறது?) என்ற ஒரு வரி போதும். உச்சரிப்புப் பிழைத்தால் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பிறகு சொல்லித்தருவார்கள்.

#6 செக்ரோல்

நல்ல இழை. கேட்கிறதைப் பற்றி நிறைய வந்துவிட்டது. கேட்டதை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் எழுதவில்லை. பெரும்பாலான பாடங்கள் அடுத்த ஸ்டேசனுக்கு முன்னமே கொட்டிப்போகின்றன.

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட மறதிக் கணக்கில், அர்த்தமில்லாத அசைகளை மனனம் செய்தவருக்கு 20 நிமிடம் கழித்து மிஞ்சியது 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, மறுநாள் 34. அவர் தன்னையே வைத்துச் செய்த சோதனை. அர்த்தமுள்ள பேச்சு இதைவிட அதிகம் நிற்கும், உண்மைதான். ஆனால் எண்ணும் அளவும் அவர் சொன்ன சொல்லும்தான் முதலில் போகும். பொதுக்கருத்து மட்டும் மிஞ்சும். "கரட் கழுவுறதுல ஏதோ விசயம் இருக்காம்" என்று.

ஆகவே ஆள் இறங்கிப் போன 20 நிமிடத்துக்குள், போனில் வேறு எதையும் திறக்காமல், நாலு வரி:

வரி 1: யார், எங்கே. பெயர் வேண்டாம், வேலை போதும். "லீக்ஸ் கமக்காரர், அம்பேவெல பக்கம், 50 வயதுக்கு மேல்."
வரி 2: அவர் சொன்னது, அவர் சொல்லிலேயே.
வரி 3: நான் கண்ணால் கண்டது. (மூட்டை, கை, கருவி, நிறம்.)
வரி 4: நான் ஊகித்தது. முன்னால் ஒரு கேள்விக்குறி போடவும்.

2, 3, 4ஐக் கலந்து எழுதுவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்கள் ஊகம் அவர் வாய்மொழி போலத் தெரியும். பிறகு "ஒரு விவசாயி சொன்னார்" என்று ஊரெல்லாம் பரப்புவீர்கள், பாவம் அவர் சொல்லவே இல்லை.

பேசும்போதே எழுதாதீர்கள், தோட்டத்தில் கொப்பியும் பேனாவும் தூக்கியவர் என்றாலே வேலையைக் கணக்கெடுத்து மேற்பார்க்கிற கணக்குப்பிள்ளை ஞாபகம்தான் வரும். ஒளித்து ஒலிப்பதிவு செய்வது கூடவே கூடாது. கேட்டு, சரி என்றால் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு குறிப்பு போதும். பத்து எழுதினால் பத்தையும் திரும்பப் பார்க்கமாட்டீர்கள்.

இன்னொரு கணக்கு: அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது 55.6, அரிதாக 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுத் தகவல் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வருகிறது.

#7 கச்சான் காத்து

@செக்ரோல், கிரனோவெட்டர் கணக்கு 54 பேரை வச்சுத்தான். அதோட அது அறிமுகமானவங்களைப் பத்தினது, ரயில்ல பார்த்த அந்நியரைப் பத்தி இல்லை. இழுத்து நீட்டவேணாம். நாலு வரிக் குறிப்புக்கு மட்டும் கையெழுத்துப் போடுறேன்.

நான் சொல்ல வந்தது வேற. ரெண்டு பேர் நேர் எதிராச் சொன்னா என்ன செய்யிறது? பெரும்பாலான ஆட்கள் ஒருத்தரைப் பொய்காரர் ஆக்கிடுவாங்க. மலைநாட்டுல அதுக்கு முன்னாடி கேட்கவேண்டியது, "நீங்க மலையோட எந்தப் பக்கம்?"

ஜூலை மாசம் மேற்குச் சரிவு ஹட்டன்காரர் "விடாத மழை, துணி காயாது"ம்பார். பதுளைக்காரர் "காஞ்சு கிடக்கு, கச்சான் காத்து"ம்பார். ரெண்டும் சரி. தென்மேற்குப் பருவக்காத்து மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் மேற்குச் சரிவுல மழையைக் கொட்டிட்டு, முகட்டைத் தாண்டி கிழக்கால, பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு போகுது. அந்த வறட்சியிலதான் ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம், ஜூலை–செப்டம்பர்ல. மேற்குச் சரிவுத் திம்புள்ளப் பக்கம் அதே மாதிரிக் காலம் ஜனவரி–மார்ச். ரெண்டு டீமேக்கர்கிட்ட (தொழிற்சாலையில தேயிலை தயாரிப்பை நடத்துறவர்) "நல்ல தேயிலை எந்த மாசம்?"னு கேட்டு ரெண்டு பதில் வாங்கினா ரெண்டையும் வச்சுக்கங்க, பக்கத்துல சரிவை எழுதுங்க. ஹப்புத்தளை முகட்டுல நிக்கிற டவுன். அங்க ஆளைப் பொறுத்து ரெண்டு பதிலும் ஒரே கடையில கிடைக்கும்!

உயரமும் அப்படி. நுவரெலியா 1,868 மீட்டர், தண்ணி கொதிக்கிறது 94 பாகை அளவில. மாத்தறைக்காரர் சொன்ன நேரத்துக்குப் பருப்பை இறக்கினா இங்க அரைவேக்காடு. சொன்னவர் பொய் சொல்லல. அவரோட அடுப்பு கடல் மட்டத்துல இருக்கு.

மண்ணுக்கு சுண்ணாம்பு போடணும்னு கோவா (முட்டைக்கோசு) போடுறவர் சொல்லுவார், போட்டா செடி போயிரும்னு தேயிலைக்காரர் சொல்லுவார். தேயிலைக்கு மண்ணோட பிஎச் 4.5–5.5 வேணும், கோவாவுக்கு 6க்கு மேல. ஒரு வாய்க்கால்தான் நடுவுல, ரெண்டு பக்கமும் ரெண்டு உண்மை.

அதனால செக்ரோலோட வரி 1ல உயரம், சரிவு, மாசம் மூணையும் சேருங்க. இது இல்லாத பாடம் ஊர் மாறினதும் பிழைச்சுப் போகும்.

#8 சந்தேகச் சாமி

எல்லாம் இனிப்பா இருக்கு. யாராவது கசப்பு சொல்லணுமே. திறந்த மனசுன்னா வர்றதெல்லாம் உள்ள விடுறதா? கதவு திறந்திருந்தா நாயும்தான் வரும். வழிப்போக்கர் சொல்லுறதுல பாதி அவர் வேற எங்கேயோ கேட்டது. ரயில்ல "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்"னு தொடங்குற மருத்துவக் குறிப்பு எத்தனை? அதையும் நாலு வரியில எழுதி வச்சுக்கிறதா? எப்படிப் பிரிக்கிறது, அதைச் சொல்லுங்க.

#9 கச்சான் காத்து

நியாயமான கேள்வி. பிரிக்க மூணு சல்லடை.

(அ) "நீங்க செஞ்சிருக்கீங்களா, பார்த்திருக்கீங்களா, கேட்டிருக்கீங்களா?" சிரிச்சுக்கிட்டே கேட்டா யாரும் கோவிக்கமாட்டாங்க. கேட்டதுன்னு சொன்னா அது தகவல் இல்லை, வதந்திக்கு முகவரி.

(ஆ) ரெண்டாவது சாட்சி. தனிச் சாட்சியா இருக்கணும். ஒரே லயத்து ரெண்டு பேர் ஒரே கங்காணி சொன்னதைச் சொன்னா அது ஒரு சாட்சிதான். வேற தோட்டம், வேற பாஷை, வேற வயசு.

(இ) மலிவாச் செய்ய முடிஞ்சா செஞ்சு பார்க்கிறது. உதாரணம், ரத்தம் உறிஞ்சுற அட்டை. "காலுல சவர்க்காரம் தடவினா ஏறாது"ம்பாங்க. ஒரு காலுக்குத் தடவுங்க, ஒரு காலை விடுங்க, ஒரே ஒத்தையடிப்பாதையில நடங்க, எண்ணுங்க. மழையில கழுவுப்பட்டுப் போகும்ங்கிறதையும் கணக்குல எடுங்க. செலவு ஒரு துண்டு சவர்க்காரம். ஆனா "கடிச்ச அட்டையைச் சிகரெட்டால சுடு, உப்பைக் கொட்டு"ங்கிறது அப்படியில்ல. சுட்டாலோ உப்புப் போட்டாலோ அது வயித்துல இருக்கிறதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கலாம், புண் பழுக்க வழி. மெல்லிய முனைதான் வாய். அந்தப் பக்கம் தோலோட ஒட்டி நகத்தைச் சறுக்கி விட்டா விட்டுடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அட்டையோட எச்சில்ல ரத்தம் உறையவிடாத சத்து இருக்கு. அமுக்கிப் பிடிச்சா போதும், பயம் வேணாம்.

உடம்புக்குள்ள போற மருந்து, பத்தியம், காட்டுக்காளான் எதையும் இந்த மூணாவது சல்லடையில போடவே கூடாது.

#10 பீலிக்கரை

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் எழுதவேண்டும். சல்லடை போடக்கூடாத தகவலும் உண்டு.

மழைக்காலத்தில் ஒரு பெரியவர் "பீலித் தண்ணி திடீரென்று கலங்கலா வருது", "ஊத்து நின்று போச்சு", "லயத்துச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு", "கதவு சாத்த முடியல", "சவுக்கு மரம் சாஞ்சு நிற்குது" என்றால் இரண்டாவது சாட்சியைத் தேடிப் போகாதீர்கள். மண்சரிவுக்கு முன்னால் மலை காட்டும் அடையாளங்கள் இவையேதான். நம்பி ஏமாந்தால் ஒரு இரவு பாடசாலையில் படுப்பீர்கள். நம்பாமல் ஏமாந்தால் என்ன என்பதை 2014 அக்டோபர் 29இல் பல உயிரைப் பலிகொண்ட மீரியபெத்தை மண்சரிவு காட்டியது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழையை அளக்க எளிய வழி உண்டு. அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ச்சுவர் போத்தல் அல்லது டின். கழுத்து ஒடுங்கிய போத்தல் பிழையாகக் காட்டும். கூரைத் தண்ணீரும் மரத்தண்ணீரும் விழாத வெளியில் வைத்து, காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் (ஸ்கேல்) உயரத்தை அளக்கவும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேறுவது. ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவரும் எல்லைகள் இவை. தோட்டத்துப் பழைய ஆட்கள் அங்குலத்தில் சொல்வார்கள்: மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்று நினைவு வைத்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு. இந்த அளவு வரமுன்பே அடையாளம் தெரிந்தால் அடையாளத்தைத்தான் நம்பவேண்டும்.

#11 சந்தேகச் சாமி

சரி, ஏத்துக்கிறேன். பிழையானா என்ன செலவு, யாருக்குச் செலவுன்னு பார்த்துட்டுச் சல்லடை போடணும். இதை யாரும் இவ்வளவு நேரம் சொல்லாமத்தான் நான் கத்தினேன்.

#12 உடரட்ட ஜன்னல்

பெண்களுக்காக ஒரு பதிவு. "தெரியாத ஆளோட பேசுங்க"ன்னு ஆம்பளைங்க சுலபமா எழுதலாம். நமக்குக் கணக்கு வேற.

மூணாம் வகுப்புப் பெட்டியில குடும்பத்தோட இருக்கிற சீட் வரிசையைப் பாருங்க. பேச்சை மூத்த பெண்கிட்டத் தொடங்கினா அந்த வரிசையே உங்களுக்குக் காவல். எங்க போறீங்கன்னு கேட்டா டவுன் பேரோட நிறுத்திக்கங்க. எங்க தங்குறீங்க, தனியாவாங்கிற கேள்விக்கு "ஸ்டேசனுக்கு அண்ணன் வர்றார்" போதும். போன் நம்பர் கேட்டா குடுக்கவேண்டிய கடமை எதுவும் இல்லை. ரெண்டாவது தடவை பேச்சு உடம்பு, கல்யாணம் பக்கம் திரும்பினா எழும்பிப் போங்க, மரியாதை பார்க்காதீங்க. மிதிபலகையில நின்னு பேசுறது யாருக்குமே வேணாம், சுரங்கமும் வளைவும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும்.

நேரக் கணக்கு: கொழும்பு–பதுளை ரயில்ல ரம்புக்கணை ஸ்டேசனுக்கு மேல ஒத்தைப்பாதை. எதிர் ரயிலுக்கு வழி விட ஏதாவது ஸ்டேசன்ல நிக்கும்போது பத்து, இருபது நிமிசம்னு போகும். அப்ப எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க, பேச்சு தானாத் தொடங்கும். டேப்லட் வளையம் கை மாறுறதைக் காட்டி "இது எதுக்கு?"ன்னு கேளுங்க, பெட்டியில ஒருத்தராவது விளக்கத் தயாரா இருப்பார். (டிரைவர் கையில அது இல்லாம அடுத்த பகுதிக்குள்ள ரயில் போகக்கூடாது. ஒரே நேரத்துல ரெண்டு ரயில் ஒரே துண்டுப் பாதையில இல்லாம இருக்கிறதுக்கான சாவி.) சாதாரண நிறுத்தத்துல ரெண்டு நிமிசம்தான், ஆழமான கேள்வி தொடங்காதீங்க. அவர் இறங்கவேண்டிய ஸ்டேசனைத் தவறவிட்டா உங்க பாடத்துக்கு அவர் சம்பளம் கட்டின மாதிரி.

#13 வடலிக் காத்து

எல்லாத்தையும் பாடமாக்கத்தான் வேணுமோ? சும்மா கதைச்சால் என்ன? கேள்வி, சல்லடை, நாலு வரி எண்டு வந்தால் எதிரில இருக்கிற மனிசர் ஒரு புத்தகம் மாதிரிப் போயிடுவார். நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

#14 செக்ரோல்

வடலிக் காத்து சொல்வதில் நியாயம் உண்டு. குறிப்பு எழுதுவது அவர் போன பிறகுதான் என்று சொன்னதற்குக் காரணமே அது. அவர் இருக்கும்போது பேச்சு மட்டும்.

2014இல் நிக்கொலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் சிக்காகோ பக்கத்து ரயில் பயணிகளை மூன்று குழுவாக்கினார்கள்: பக்கத்தவரோடு பேசுங்கள், தனியே இருங்கள், வழக்கம்போல இருங்கள். பயணம் இனிமை என்று அதிகம் சொன்னவர்கள் பேசின குழு. ஆனால் இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சொன்ன வேறு பயணிகள் நேரெதிராக ஊகித்தார்கள். பேசத் தொடங்குமுன் வரும் தயக்கத்தை முன்னறிவிப்பாக எடுக்கக்கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். பாடம் கிடைக்காவிட்டாலும் பயணம் நட்டமில்லை.

#15 நல்லதண்ணி

மலைக்குப் போறவங்களுக்கு. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவுல (பௌர்ணமி) தொடங்கி மே அளவில வர்ற வெசாக் போயாவுல முடியும். நாட்டுல குறுஞ்சந்திப்பு இந்தப் படிகள்ல மாதிரி வேற எங்கயும் குவியாது. முதல் தடவை ஏறுறவங்களைச் சிங்களத்துல "கோடுகாரயோ"ம்பாங்க, கூட்டத்தை நடத்திப் போறவர் "நடே குரா". எதிர்ப்பட்டா "கருணாவய்"னு வாழ்த்துவாங்க. தமிழாள் சொன்னாலும் பதில் வரும், அதுவே பேச்சுக்கு வாசல். உச்சி மணியை எத்தனாவது தடவை ஏறுறாங்களோ அத்தனை தரம் அடிக்கிறது வழக்கம். அதனால மணிச் சத்தத்தை எண்ணினா யார்கிட்டக் கேட்கணும்னு தெரிஞ்சுபோகும்!

கேள்வி இறங்கி வர்றவங்ககிட்டத்தான். "மேல எப்படி?"ன்னா "குளிர்"ம்பாங்க. பிரயோசனமில்லை. இப்படிக் கேளுங்க: "எத்தனை மணிக்கு உச்சியில இருந்தீங்க?" (ரெண்டு மணி நேரம் பழைய காத்து இப்ப இல்லாமலும் போகலாம்.) "எதைக் கொண்டுவராம விட்டீங்க?" பெரும்பாலும் வர்ற பதில், காஞ்ச சட்டை. ஏறும்போது வேர்வையில நனைஞ்ச பனியனோட 2,243 மீட்டர்ல விடியக் காத்திருந்தா நடுக்கம் எடுக்கும். ஒரு சட்டையைப் பொலித்தீன் பையில கட்டி, உச்சிக்குக் கொஞ்சம் கீழ மாத்துங்க. இறங்கும்போதுதான் முழங்கால் போகும், ஏறும்போது இல்லை. தடிக்கம்பை ஏறும்போது கேலி பண்ணிட்டு வராதீங்க.

ஏறிக்கிட்டிருக்கிறவரை நிறுத்திக் கேட்காதீங்க, மூச்சுக்குத்தான் பாடுபடுறார். தேத்தண்ணிக் கடையில உட்கார்ந்தவர்கிட்டக் கேளுங்க.

#16 பதுளைக் கட்டை

பதிலுக்கு நாம என்ன குடுக்கிறது? அதை விட்டுட்டோம். காசு நீட்டினா அடுத்த ஆள்கிட்ட அந்தப் பேச்சே வியாபாரமாப் போகும். ஒரு பிளேன்ட்டி (பால் இல்லாத தேத்தண்ணி) சரி. மூட்டையை பஸ்ல ஏத்த ஒரு கை சரி. அதுக்கு மேல நல்லது, நமக்குத் தெரிஞ்ச உபயோகமான ஒண்ணைத் திருப்பிச் சொல்லுறது: பஸ் நேரம் மாறினது, எந்தப் பாதை உடைஞ்சிருக்கு, எந்த ஆஸ்பத்திரியில கிளினிக் எந்த நாள். படம் எடுத்தீங்கன்னா அனுப்புறேன்னு சொன்னதை அனுப்புங்க. அனுப்பமாட்டீங்கன்னா எடுக்காதீங்க. பிள்ளைகளுக்கு டொபி குடுக்கிற பழக்கத்தை நிறுத்துங்க, வேன் வந்தாலே ரோட்டுக்கு ஓடி வருது.

#17 நானுஓயா மூடுபனி

பீலிக்கரை அக்கா சொன்னபடி முதல் பதிவுல "நிறுவைக்கு முன்னாடி கேட்காதீங்க"ங்கிறதைச் சேர்க்கப் போறேன். அது என் பிழைதான். செக்ரோல், ஒரு சின்ன விசயம். இந்த மூடுபனியில பேனாவுல எழுதினா மை பரவி ஒண்ணும் வாசிக்க முடியாது. பென்சில்ல எழுதச் சொல்லிப் போடுவோமா? எந்தப் பென்சில்?

#18 செக்ரோல்

பென்சில்தான். 2பி. எச்பி ஈரத்தாளைக் கீறிவிடும். கூர் ரொம்பத் தீட்டவேண்டாம், கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைக்கு உள்பக்கம் வைக்கவும்.